ஏழாம் பிரதியின் பன்னிரண்டாம் தாள்

எதைச் செய்தாலும் அதன் விளைவை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவள் நான். சமூகவியலில் முதுகலை படித்ததன் பயன் அது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். வாழ்வில் எண்ணிப் பாராமல் நான் செய்த காரியம் ஒன்றே ஒன்று: ஓடியது. என் நற்பணிகளையெல்லாம் மறந்துவிட்டவர்கள் அந்த ஓட்டத்தை மட்டும் மறக்க மறுக்கிறார்கள்.

பன்னிரண்டு நவீன ஓவியங்கள், அவற்றுக்கு இணையாகப் பன்னிரண்டு கவிதைகள்; தைக்காமல் தனித்தாள்களாகப் பெட்டிக்குள் அடுக்கிய புத்தகம். அச்சானவை நாற்பதே பிரதிகள். அதில் ஏழாம் பிரதி புதுவயலுக்கு அருகே ஒரு பழைய வீட்டில் இருப்பதாகத் தெரிந்ததும், அதை மக்கள் பார்வைக்கு வைப்பது என் கடமை என்று முடிவு செய்தேன். (என்னை யாரும் கேட்கவில்லை.) காரைக்குடியில் வசிக்கும் உரிமையாளர் சொக்கலிங்கம் ஐயாவைப் போய்ப் பார்த்தேன்.

"படம் பூராம் என் பங்கு. கவிதை பாகம் பிரிச்சப்பப் போயிருச்சு," என்றார்.

"யார்கிட்டங்கய்யா போச்சு?"

"போச்சுன்னா போச்சு. ஞாயித்துக்கிழமை அந்த வீட்டுல வச்சே எல்லாருக்கும் காட்டு ஆத்தா. தாளு வெளிய போகக் கூடாது."

"அங்க இப்ப யாரும் இருக்காகளா?"

அவர் முகம் இறுகியது. "யாரும் இல்ல."

நான் எழுத்திலேயே உறுதி கொடுத்தேன்: ஒரு தாளும் நிலைவாசலைத் தாண்டாது, ஒரு தாளிலும் மடிப்பு விழாது. பிறகு, 'கவிதைகள் காணாமற்போயின' என்று நேர்மையாக அச்சிட்ட சுவரொட்டிகளை அந்த ஊர் முழுக்க ஒட்டினேன்.

இரண்டு நாள் முன்னதாக, தாள்களை வரிசைப்படுத்தச் சாவி வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். உச்சிப்பொழுது. தெருவில் ஒரு காக்கைகூட இல்லை. முன்கூடத்து மேசையில் ஓவியங்களைப் பரப்பினேன். அங்கிருந்து பார்த்தால் ஐந்து நிலைவாசல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் இருட்டில் முடிந்தன.

ஓவியங்களிலும் அப்படியொரு வீடுதான். முதல் தாளில், கடைக்கோடி வாசலில் முகமற்ற ஒரு வெள்ளை உருவம். அடுத்தடுத்த தாள்களில் அது சிறிது சிறிதாக முன்னே வந்தது. பன்னிரண்டாம் தாளைக் கையில் எடுத்தேன். தாள் முழுக்க வெண்மை. அவ்வளவு அருகே வந்துவிட்டது.

தலை நிமிர்ந்தேன். ஐந்தாம் வாசலில் வெள்ளையாக ஏதோ நின்றது.

கண் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டு குனிந்தேன். மறுபடி பார்த்தபோது அது நான்காம் வாசலில் இருந்தது. காலடி ஓசை இல்லை. பகுத்தறிவைத் துணைக்கு அழைத்தேன், வரவில்லை. மூன்றாம் வாசல். இரண்டாம் வாசல்.

பிறகு நடந்ததை நான் டவுன் பஸ்ஸில்தான் உணர்ந்தேன். அரிசி ஆலை வேலை முடிந்து வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், "என்னத்தா இப்பிடி வேர்க்குது, அந்த அட்டைய நல்லா வீசு," என்றார். பன்னிரண்டாம் தாளை நான்காக மடித்து விசிறிக்கொண்டிருந்தேன்.

சொக்கலிங்கம் ஐயாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல பேயெல்லாம் கெடையாது. இருந்திருந்தா பாகப்பிரிவினைப் பட்டியல்ல வந்திருக்கும்," என்று காரை எடுத்தார்.

முன்கூடத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேசையில், பதினோரு ஓவியங்களின் அருகே பதினோரு கவிதைகள் இணை இணையாக வைக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டாம் கவிதை மட்டும் தனியாகக் கிடந்தது.

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "பன்னெண்டாவது படம் எங்க?"

வெள்ளை வேட்டி, தலையில் வெள்ளைத் துண்டு. ஐயாவின் தம்பி லெட்சுமணன்! நான்காம் வாசலை ஒட்டிய தம் பங்கு அறையில், பக்கத்துச் சந்து வழியாகவே போய்வந்துகொண்டு பல ஆண்டுகளாக வாழ்ந்துவந்தவர். அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அண்ணனின் கணக்கில் அவர்தான் 'யாரும் இல்ல'.

தாளை நீட்டினேன். "ஐயா, ஒரு சத்தம் குடுத்துட்டு வந்திருக்கலாமே?"

"காணாமப் போச்சுன்னு ஊரெல்லாம் ஒட்டிப்புட்டீக. என் பங்கு எங்கிட்டப் பத்திரமா இருக்கு. எடுத்துட்டுத்தான் வந்தேன். அண்ணன் பங்கோட சேர்க்கிறதா வேணாமான்னு ஒவ்வொரு வாசலா நின்னு யோசிச்சேன். ரெண்டாவது வாசல்ல மனசு வந்துச்சு. நீங்க கத்திக்கிட்டு ஓடிட்டீக."

அண்ணன் சிரிக்கத் தொடங்கினார். "பேயின்னு சொல்லுச்சுடா உன்னய!" தம்பியும் சிரித்தார். ஒன்பது வருடச் சிரிப்பு முழுவதையும் என் செலவில் சிரித்தார்கள்.

கண்காட்சி நடந்தது. சிலுவைபோன்ற மடிப்பும் என் ஐந்து விரல் வியர்வையும் படிந்த பன்னிரண்டாம் தாளின் முன்தான் கூட்டம் நின்றது. "ஓவியர் என்னமா யோசிச்சிருக்காரு!" என்றார் ஒருவர். (நான் மறுக்கவில்லை. என் நேர்மைக்கும் ஓர் எல்லை உண்டு.)

இன்றும் அந்த வீட்டுக்கு நான் போனால், "பன்னெண்டாவது எங்க?" என்றுதான் வரவேற்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாதம் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, "நீங்க நாலு வாசல்ல நின்னீக, நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்," என்றேன்.

"மூணு," என்றார் லெட்சுமணன் ஐயா. "நாலு, மூணு, ரெண்டு. அஞ்சாவது வாசப்பக்கம் நான் எதுக்குப் போறேன்? அது எவன் பங்குமில்ல."

சிரிப்பு நின்றது. மூவரும் உள்ளே பார்த்தோம்.

"அது பொதுவுல கெடக்கு ஆத்தா," என்றார் அண்ணன் மெதுவாக. "இன்னும் பாகம் பிரிக்கல."