ஞானத்தாயைக் கண்டிப்பது எப்படி

இன்னும் நாற்பது மணி நேரம் இருந்தது. அதற்குள் யூலியானா சறோஜா மாமியைக் கண்டித்தாக வேண்டும்.

பலேர்மோ துறைமுகத்துக்குப் பக்கத்து ஹொட்டேலில் அறை துப்புரவு செய்கிற பெண்கள் எல்லாரும் வெளிநாட்டவர். மேற்பார்வையாளர்கள் எல்லாரும் இத்தாலியர், கானாவில் இருந்து வந்த அபேனாவைத் தவிர. தனக்குப் பின்னால் இன்னொருத்தியாவது ஏறி வரட்டும் என்று நிர்வாகத்தோடு சண்டை பிடித்து, அபேனா ஒரு பயிற்சியைத் தொடங்கியிருந்தாள். யூலியானாவைத் தெரிவு செய்து ஒரு மாதமாகப் பழக்கினாள்.

"ஒருத்தியின் அறைகளில் மட்டும் குளியல் தொட்டியில் நீளமான கறுப்பு முடி. நேரே சொல். சொல்ல முடியாதவளுக்கு இந்த வேலை இல்லை. திங்கள் காலை நானே வந்து பார்ப்பேன்," என்றாள் அபேனா இத்தாலியனில்.

சறோஜா மாமி யூலியானாவின் ஞானத்தாய். கோயிலில் உறுதிபூசுதல் சடங்கின்போது இவள் தோளில் கை வைத்து நின்றவள். மாமி தொட்டியில் சோப்புக் கறை விடுவது யூலியானாவுக்குப் பயிற்சியின் முதல் வாரமே தெரியும். சொல்ல வெட்கம். மாமி போனபின் களவாக உள்ளே போய், தானே தொட்டிக்குள் குனிந்து தேய்த்துவிட்டு வருவாள். அப்படியிருந்தும் விருந்தினரின் முறைப்பாடு கூடிக்கொண்டே போனது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மாமியைப் பிடித்தாள். லீவு முடிந்து வந்ததில் இருந்து மாமி எந்நேரமும் தலையில் துணி கட்டியிருந்தாள்.

"மாமி, ஒரு விசயம் கதைக்கவேணும்."

"சொல்லு பிள்ளை. ஏன் முகம் வாடிக்கிடக்கு? சாப்பிட்டனியே?"

"ஓம். அது வந்து... தொட்டியிலை முடி கிடக்காம். ஆரோ ஒராளின்ரை."

"ஆரோ ஒராளோ? உவள் எமிலியானா தான்! தலையை விரிச்சுக்கொண்டு திரியிறவள். நீ பேசாமல் இரு, நான் பாக்கிறன்."

மாமி பார்த்தாள். கூட வேலை செய்கிற எமிலியானா சற்று நேரத்தில் அழுதுகொண்டு வந்தாள்.

"அக்கா, நான் அப்பிடிச் செய்வனே?"

யூலியானாவின் காது சுட்டது.

"இல்லையடி. அது... என்ரை முடி," என்றாள் வாய்க்கு வந்தபடி.

"உன்ரையோ!" மாமி நெஞ்சில் கை வைத்தாள். "சுப்பர்வைசரா வரப்போறவளுக்குத் தொட்டி கழுவத் தெரியாதே? நாளைக்கு வெள்ளன வா. நான் காட்டித்தாறன்."

திங்கள் காலை மாமி தொட்டிக்குள் இறங்கி நின்று பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டினாள். "மூலையை விடாதை. தண்ணியைக் கொண்டா." யூலியானா வாளியைப் பிடித்தபடி "ஓம் மாமி, ஓம் மாமி" என்றாள். கதவைத் திறந்துகொண்டு அபேனா வந்தாள்.

"இங்கே யார் யாரை மேற்பார்வை செய்வது?" என்று கேட்டாள். "மேற்பார்வையாளர் வேலைக்குச் சறோஜாவின் பெயரையே கொடுத்துவிடட்டுமா?"

யூலியானா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாமி, அது உங்கடை முடி. உங்கடை அறையளிலை மட்டும்தான் கிடக்குது. கழுவினாப்பிறகு ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ!"

அபேனாவுக்குத் தமிழ் தெரியாது. குரல் புரிந்தது. "பிராவா!" என்று கை தட்டினாள். "வேலை உனக்குத்தான்."

சறோஜா மாமி பிரஷ்ஷை வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியை மெல்ல அவிழ்த்தாள். வழித்த தலை. முடி அரிசி அளவுக்குத்தான் முளைத்திருந்தது.

கை தட்டல் நின்றது.

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்த எமிலியானா தான் வாய் திறந்தாள்.

"மாமிக்குப் பிறகு தொட்டிக்குள்ளை குனியிறது நீங்கள் தானே, அக்கா. மாமி தன்ரை முடியை, உங்களுக்கு இந்த வேலை கிடைக்கவேணுமெண்டு லீவிலை போய் வேளாங்கண்ணியிலை குடுத்திட்டு வந்தவ."