படகுக்கு எங்கே காது?

"அங்கே வேண்டாம்ணே. புரொப்பல்லர் பக்கத்தில வச்சா நுரைதான் தெரியும்" என்றார் மெக்கானிக்.

"நீ என்ஜினை மட்டும் பாரு" என்றார் நங்கூரம்.

கரையேற்றி நிறுத்திய தன் படகுக்கு அடியில் அவர் மல்லாந்து படுத்திருந்தார். கையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புக் குமிழ். கடைக்காரர் அதை டிரான்ஸ்டியூசர் என்று சொல்லிக் கொடுத்தார். துறைமுகத்தில் யார் வாயிலும் அது நுழையாததால் 'காது' ஆகிவிட்டது. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, மீன்மேல் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்பது அதன் வேலை. கேட்டதை மேலே சோனார்ப் பெட்டியின் திரையில் படமாகப் பார்க்கலாம். எல்லாம் சரி, காதைப் படகில் எங்கே மாட்டுவது என்பதுதான் தகராறு.

நங்கூரம் என்பது ஊர் வைத்த பெயர். ஓர் எண்ணத்தில் இறங்கிவிட்டால் மனிதரைக் கிளப்ப முடியாது. இப்போது அவர் இறங்கியிருந்த எண்ணம், சகலை.

மனைவியின் தங்கை கணவரான சகலை போன வருடமே சோனார் வாங்கிவிட்டார். அன்றிலிருந்து நங்கூரத்துக்கு நிம்மதி போயிற்று. விடியுமுன் கிளம்பி, தண்ணீரின் நிறத்தை உற்றுப் பார்த்து, பறவைகளைத் துரத்தி, ஒருவழியாக ஓர் இடத்தில் வலையை இறக்கினால், கொஞ்ச நேரத்தில் சகலையின் படகும் அங்கே வந்து நிற்கும்.

"நான் கண்ணு பூத்துப்போய்க் கண்டுபிடிக்கிற இடத்தை அவன் நோகாம பெட்டியில பார்த்துடறான்! என்னா மெஷின் பாரு!" என்று வீட்டில் புலம்புவார்.

"அவரு மூளையைச் செலவு பண்றாரு. நீங்க கண்ணைச் செலவு பண்றீங்க" என்று மனைவி ஆறுதல் சொல்வாள்.

இந்த நேரம் பார்த்து மாமனார் ஓய்வு பெறத் தீர்மானித்தார். அவரிடம் இருந்தது துறைமுகத்திலேயே பெரிய படகு. பெண்கள் இரண்டு, படகு ஒன்று.

"எந்த மாப்பிள்ளைக்குக் கடல் தெரியுமோ அவருக்குத்தான் சாவி. வர்ற வெள்ளிக்கிழமை கூடவே வந்து பார்க்கிறேன்" என்று அறிவித்தார்.

"என் படகு வேண்டாம் மாமா. வேத்தாள் ஏறினா பெட்டி சரியா வேலை செய்யாது" என்று சகலை பணிவோடு நழுவிக்கொண்டார். அவர் பெட்டிக்கு அவ்வளவு மரியாதை. யார் கண்ணும் படாமல் எப்போதும் துணி போட்டு மூடியே வைத்திருப்பார்.

நங்கூரம் வெட்கத்தை விட்டுக் கேட்டும் பார்த்தார். "காதை எங்க மாட்டியிருக்கே சகலை?"

"அதெல்லாம் சொல்லித் தர்ற விஷயமா சகலை?" என்று சகலை சிரித்தார்.

ஆக, காது முதலில் புரொப்பல்லருக்குப் பக்கத்தில் ஏறியது. கடலுக்குள் போய்ப் பெட்டியைத் தட்டியதும் திரை முழுவதும் வெள்ளை வெள்ளையாகக் கொப்பளித்தது.

"ஐயோ, எவ்வளவு மீன்! இறக்குடா வலையை!"

இறக்கினார்கள். ஏற்றினார்கள். ஒற்றைச் செருப்பு வந்தது. திரையில் தெரிந்தது புரொப்பல்லர் கிளப்பிய நுரை.

"நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"நீ சரியாச் சொல்லலை" என்றார் நங்கூரம்.

அடுத்து, நுரையே எட்டாத இடமாகப் படகின் மூக்குக்கு அடியில் மாட்டினார்கள். அங்கே நுரை இல்லை. பல நேரம் தண்ணீரும் இல்லை. ஒவ்வோர் அலைக்கும் மூக்கு மேலே எழும்ப, காதும் கூடவே எழுந்து காற்று வாங்கியது. திரையில் மீன் வரும், மறையும், வரும்.

"வலையை இறக்கு! இல்லை, ஏத்து! இறக்கு!"

"அண்ணே, நீங்க ஒரு முடிவுக்கு வந்துட்டு எங்களைக் கூப்பிடுங்க" என்று வலைக்காரர்கள் டீ போடப் போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை. நங்கூரம் மெக்கானிக்கை வீட்டுக்கே போய்ப் பிடித்து வந்தார். மெக்கானிக் மறுபடி படகைக் கரையேற்றிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நடுவில மாட்டணும்ணே. எப்பவும் தண்ணியில முங்கி இருக்கிற இடம். ஆனா அடிப்பலகையில ஓட்டை போடணும்."

"போடு."

"சுத்தி அடைக்கிற பூச்சு காய ரெண்டு நாள் ஆகும்."

"நாளைக்கு மாமா வர்றாரு. காயறதை வழியில காய வச்சுக்கலாம்."

கடலில் போகிற படகின் அடிப்புறம் காய்ந்த சரித்திரம் உண்டா என்று மெக்கானிக் கேட்கவில்லை. ஓட்டையைப் போட்டுக் காதை மாட்டிக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை தனக்கு வெளியூரில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பெட்டி கண் திறந்தது. படம் என்றால் அப்படி ஒரு படம்! கடலின் அடித்தரை மேடு பள்ளத்தோடு துல்லியமாகத் தெரிந்தது. அங்கே ஒரு மீன்கூட இல்லை என்பதும் அதே துல்லியத்தோடு தெரிந்தது.

"அண்ணே, அந்தப் பக்கம் பறவையெல்லாம் கூட்டமா இறங்குது" என்றார் ஒரு வலைக்காரர்.

"பறவைக்கு என்னடா தெரியும்? அது சோனார் மாட்டியிருக்கா?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதட்டினார் நங்கூரம்.

"மாப்பிள்ளை, காலெல்லாம் ஈரமா இருக்கே" என்றார் மாமனார்.

"கடல் காத்து மாமா."

"கணுக்கால் வரைக்குமா?"

வலைக்காரர்கள் வலையை வைத்துவிட்டு வாளியை எடுத்தார்கள். அன்று முழுக்கக் கடலிலிருந்து அவர்கள் அள்ளியது தண்ணீர் மட்டும்தான். பின்னால், சற்றுத் தள்ளி, சகலையின் படகும் சும்மா வட்டமடித்துக்கொண்டிருந்தது.

நங்கூரத்துக்கு உயிர் வந்தது. "பாருங்க மாமா! அவரு பெட்டியிலயும் ஒண்ணும் இல்லை. ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி சொல்லுதுன்னா கடல்லயே மீன் இல்லைன்னு அர்த்தம்!"

மாமனார் வாளியை வாங்கி அள்ள ஆரம்பித்தார்.

துறைமுகத்தில் மற்றப் படகுகளிலிருந்து மீன் கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவே காலி வலைகளோடு இரண்டு மாப்பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். இரு மனைவிகளும் கரையில் நின்றார்கள்.

மாமனார் கால்சட்டையைப் பிழிந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் மீன் இல்லை. ஆனா சின்ன மாப்பிள்ளை படகு காய்ஞ்சாவது இருக்கு." சாவியைச் சகலையின் கையில் வைத்தார்.

சகலை அடக்கமாகத் தலை குனிந்தார். "எல்லாம் அந்தப் பெட்டியோட புண்ணியம் மாமா."

நங்கூரம் தன் படகைப் பார்த்தார். அது இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மனைவி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஓட்டையே தேவலை.

கொழுந்தியாள் மட்டும், சாவி கிடைத்தும், காலி வலையைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போதுமே வாயில் வார்த்தை தங்காது. புருஷன் கண்ணைக் காட்டியதையும் பொருட்படுத்தாமல் நேரே நங்கூரத்திடம் வந்தாள்.

"அத்தான், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தக் காதை முதல்ல கழட்டிப் போட்டுட்டுப் பழையபடி பறவையைப் பாருங்க. எங்க பெட்டி வாங்கின மாசமே செத்துப்போச்சு, உங்க படகு பின்னாடியே வந்துதானே இவரு இத்தனை நாளா வலை போடறாரு!"