போனைச் சாகவிடாத சஞ்சீவி

சில வருஷம் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு செல்போன்கூட நிம்மதியாகச் செத்துப்போக முடியவில்லை. காரணம் சஞ்சீவி. கீழே விழுந்தது, கிழடு தட்டியது, அலமாரியில் பழைய ரவிக்கைகளுக்கு அடியில் புதைக்கப்பட்டது, எதுவானாலும் தோண்டியெடுத்து உயிர்கொடுத்து எழுப்பி நடக்கவிட்டுவிடுவாள். எழுந்தது நேராக நடக்குமா என்பது வேறு விஷயம்.

மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் அவள் என் அறைத்தோழி. சஞ்சீவி என்பது விடுதி வைத்த பெயர். அப்பா அம்மா வைத்த பெயரை அவளே யோசித்துத்தான் சொல்வாள். ஒரத்தநாட்டுப் பக்கம் சொந்த ஊர். ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. குத்தினதே தெரியாது என்று எல்லாரும் புகழ்வார்கள். அவள் கண் மட்டும் பாதி நேரம் நரம்பில் இருக்கும், மீதி நேரம் நோயாளியின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும் போனில் இருக்கும்.

நான் பெட்டியோடு அறை வாசலில் வந்து நின்ற முதல் நாள் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாடல்?"

"இங்க ஜவுளிக்கடையில அக்கவுன்ட்ஸ் வேலைக்கு வந்திருக்கேங்க."

"உன்னைக் கேக்கலடி. போனை."

சொன்னேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "கம்பெனிக்காரன் இதைக் கைகழுவி எவ்வளவோ நாளாச்சு. பாவம், அனாதை" என்று அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் செய்தது மாயமந்திரம் ஒன்றுமில்லை. கம்பெனிகள் கொஞ்ச வருஷம் கழித்துப் பழைய போன்களுக்குப் புது மென்பொருள் அனுப்புவதை நிறுத்திவிடுகின்றன. செயலிகள் ஒவ்வொன்றாக "உன்னோடு இனிமேல் ஒத்துவராது" என்று விலகிக்கொள்ளும். ஆனால் உலகத்தின் ஏதேதோ மூலைகளில் சில ஆர்வக்கோளாறுகள் அதே போனுக்குத் தாங்களாகவே மென்பொருள் எழுதி இலவசமாக இணையத்தில் போடுகிறார்கள். சஞ்சீவி போனின் பூட்டைத் திறந்து, கம்பெனி போட்டதைத் துடைத்தெறிந்துவிட்டு, இதை ஏற்றுவாள். "வீடு அதேதான்டி. குடியிருக்கிறவங்களை மாத்துறேன், அவ்வளவுதான்" என்பாள்.

வந்து குடியேறுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதில்தான் சிக்கல். என் போன் புது உயிர் பெற்று மான்குட்டியாகத் துள்ளியது. ஆனால் தான் பிரேசிலில் இருப்பதாக அது முடிவுகட்டிவிட்டது. காலை ஆறு மணிக்கு வைத்த அலாரம் மத்தியானம் முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போது சேவல் குரலில் கூவியது. எதிர் அறை ரேவதியின் போனில் கேமரா எல்லோரையும் லேசான பச்சையாகக் காட்டியது. அது தெரியாமல் அவள் செல்ஃபி எடுத்து வீட்டுக்கு அனுப்ப, அவள் அம்மா மஞ்சள் காமாலை என்று பதறி கீழாநெல்லியோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"கேமராதான் கொஞ்சம் அப்படி இப்படி. மத்தபடி எவ்வளவு ஸ்பீடு பாரு!" இதுதான் எல்லாப் புகாருக்கும் சஞ்சீவியின் ஒரே பதில்.

கடைத்தெருவுக்கு அவளோடு போவது இன்னும் ஆபத்து. பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்க கடைக்குள் நுழைகிற ஆட்களை வாசலிலேயே மறித்துவிடுவாள். "அண்ணே, பேட்டரி நல்லாருக்கா? டச் வேலை செய்யுதா? அப்புறம் எப்படிண்ணே கொடுக்க மனசு வருது?" அந்த அண்ணன் ஏதோ பெற்ற பிள்ளையை விற்க வந்தவர்போலக் கூனிக்குறுகி வீட்டுக்குத் திரும்புவார். கடைக்காரர்கள் அவளை தூரத்தில் பார்த்தாலே ஷட்டரில் கை வைப்பார்கள்.

விடுதிக்கு ஒரு வார்டன் அம்மா இருந்தார். குரல் உயர்த்தவே மாட்டார். மூக்குக்கண்ணாடியை இறக்குவார், போதும். சஞ்சீவியின் ஒயர் காட்டையும், அது இரண்டு தடவை மொத்த மாடிக்கும் ஃபியூஸ் பிடுங்கியதையும் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "மாசக் கடைசியில வேற இடம் பாத்துக்கம்மா."

சஞ்சீவி முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. அவளுக்கு அந்த விடுதியை விட்டால் வேலைக்கு நடந்துபோகிற தூரத்தில் வேறு இடம் கிடையாது. நானும் எனக்குள் இடிந்துபோனேன்.

அந்த நேரத்தில்தான் வார்டன் அம்மாவின் போனும் அனாதையானது. அவர் மகள் கனடாவில் நிறைமாதம். தினமும் வீடியோவில் மகளைப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஒருநாள் அந்த வீடியோ செயலி, இந்தப் போனில் இனி நான் ஓடமாட்டேன் என்று அறிவித்துவிட்டது. புதுப் போன் வாங்கச் சொன்னோம். "அடிச்சா மணி அடிக்குது, பேசினா கேக்குது. நல்லா இருக்கிறதை எதுக்கு மாத்தணும்?" என்றார்.

"என் போன்ல பேசுங்களேம்மா" என்று வாய்தவறிச் சொன்னேன்.

பழசைக் கைவிடச் சொல்லிவிட்டதுபோல வார்டன் அம்மாவும் சஞ்சீவியும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள். அந்த முறைப்பில் இருவருக்கும் இருந்த ஒற்றுமையைப் பார்த்து எனக்கே திக்கென்றது. வார்டன் அம்மா கொஞ்சம் தயங்கி, போனை சஞ்சீவியிடம் நீட்டினார்.

"பிரசவத்துக்கு இன்னும் பத்து நாளு இருக்கு. பச்சையாக் காட்டாம இருக்கணும். என்ன?"

சனிக்கிழமை காலை டிபனுக்கு முன்னால் சஞ்சீவி வேலையை ஆரம்பித்தாள். போனை ஒயரில் மாட்டி, தன் கிழட்டு லேப்டாப்பிலிருந்து மென்பொருளை ஏற்றத் தொடங்கினாள். பழையது முழுக்கத் துடைத்தாயிற்று, புதுசு பாதி ஏறியிருந்தது. கரண்ட் போனது.

மாதாந்திரப் பராமரிப்பு. பேப்பரில் போட்டிருந்ததாம். நாங்கள் யார் பேப்பர் பார்த்தோம்?

"லேப்டாப் பேட்டரி எவ்வளவு தாங்கும்?" என்றேன்.

"இதுக்கு ஏதுடி பேட்டரி? பேருக்கு ஒண்ணு இருக்கு, பத்து நிமிஷம் தாங்கினாலே பெருசு. பாதியில நின்னா அது போன் இல்ல, செங்கல்."

அதே நேரம் கீழே விடுதியின் லேண்ட்லைன் அடித்தது. வார்டன் அம்மா எடுத்தார். கனடாவிலிருந்து மாப்பிள்ளை. "அத்தை, வலி வந்து உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. பொறந்ததும் வீடியோவுல வர்றோம். உங்க போன் ஏன் ஆஃப்ல இருக்கு?"

வார்டன் அம்மா மாடிப்படி ஏறி வந்து நின்றார். கண்ணாடியை இறக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

தெருவின் எதிர்ப்பக்கம் கல்யாண மண்டபம். உள்ளே ஜெனரேட்டர் திமுதிமுவென்று ஓடிக்கொண்டிருந்தது. சஞ்சீவி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். லேப்டாப்பை ஏந்திக்கொண்டு எழுந்தாள். "போனை நீ புடி. ஒயர் மட்டும் கழண்டுச்சு, அவ்வளவுதான்."

முழ நீள ஒயர். அதன் ஒரு முனையில் அவள், மறுமுனையில் நான். மாலை மட்டும்தான் இல்லை. அக்கினியைச் சுற்றுகிற ஜோடிபோல ஒட்டி ஒட்டி ரோட்டைக் கடந்தோம். ஒரு மினி பஸ் எங்களுக்காக நின்றது. பின்னால் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, சார்ஜரைக் கையில் சுருட்டிக்கொண்டு, வார்டன் அம்மா ஓட்டமும் நடையுமாக.

மண்டப வாசலில் பட்டுப் பாவாடைச் சிறுமி ஒருத்தி எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாகப் பன்னீர்ச் செம்பைத் தூக்கினாள்.

"தெளிக்காத தெளிக்காத தெளிக்காத!" என்று சஞ்சீவி அலறியதில் நாயனக்காரர் சுருதி தப்பினார்.

காலியான பிளக் பாயிண்ட் பந்தி நடக்கிற கூடத்தில்தான் கிடைத்தது. அதன் பக்கத்தில் உட்கார வேண்டுமானால் பந்தியில் உட்கார வேண்டும். உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் யோசிக்கவே இல்லை; எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு இலை, லேப்டாப்புக்கும் ஒரு இலை. பொங்கல் விழுந்தது. கேசரி விழுந்தது. சாம்பார் வாளி நெருங்கும்போதெல்லாம் வார்டன் அம்மா லேப்டாப்பின் மேல் இரண்டு கைகளையும் விரித்துக் கவிழ்ந்துகொண்டார்.

எதிர் வரிசைப் பெரியவர் பிரியமாக விசாரித்தார். "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

சஞ்சீவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் தெரியலைங்க. எழுபது பர்சன்ட்தான் ஆயிருக்கு" என்றாள்.

பெரியவர் எல்லாம் புரிந்தவர்போலத் தலையாட்டிவிட்டு வடையைப் பிய்த்தார்.

நூறு ஆனது. போன் அணைந்து, திரும்ப எழ ஆரம்பித்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சஞ்சீவி நகத்தைக் கடித்தாள். பந்தியே சாப்பாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. வார்டன் அம்மா வைத்தீஸ்வரன் கோயிலுக்கு ஏதோ வேண்டிக்கொண்டார். வட்டம் நின்றது. போன் கண் விழித்து, எங்களுக்குப் புரியாத ஒரு பாஷையில் வணக்கம் சொன்னது.

"வந்துட்டாண்டி!" என்று சஞ்சீவி கத்த, என்ன ஏது என்று தெரியாமல் பந்தியே கைதட்டியது.

அவள் விரல்கள் பறந்தன. பாஷை மாறியது, செயலி இறங்கியது, நம்பர் ஏறியது. உள்ளே கெட்டிமேளம் முழங்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. திரையில் துணிச் சுருளுக்குள் சிவப்பாக ஒரு முகம், கொட்டாவி விட்டுக்கொண்டு.

மாப்பிள்ளை குரல் கேட்டது. "அத்தை, பொண்ணு பொறந்திருக்கு! ஆமா, நீங்க ஏன் தலைகீழா நிக்கிறீங்க?"

முன்பக்கக் கேமராதான் கொஞ்சம் அப்படி இப்படி. சஞ்சீவி வாயைத் திறப்பதற்குள் வார்டன் அம்மா கத்தினார். அவர் கத்தி நாங்கள் கேட்டது அன்றுதான்.

"நான் எப்படி நின்னா உங்களுக்கு என்ன மாப்ளே? புள்ளையைக் கிட்டக் காட்டுங்க!"

மகள் அங்கே படுக்கையில் தலைகீழான அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதாள். பந்தியில் இருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்று குழந்தையைப் பார்த்தார்கள். கல்யாண வீட்டு அம்மா ஒருவர், தாலி ஏறுகிற நேரத்தில் குழந்தை பிறந்த செய்தி என்று பூரித்து, வேண்டாம் வேண்டாமென்றும் விடாமல் எங்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்தார்.

மாசக் கடைசியில் சஞ்சீவி பெட்டியை எடுத்து கட்டில்மேல் வைத்தாள். கதவைத் தட்டிக்கொண்டு எலக்ட்ரீஷியன் வந்தார். எங்கள் அறைக்குத் தனி லைன் இழுத்து, வரிசையாக பிளக் பாயிண்ட் வைத்தார். பின்னால் வந்த வார்டன் அம்மா கண்ணாடியை இறக்கி, "மத்த ரூம் ஃபியூஸ் போகாம இருக்கத்தான். வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வேகமாகக் கீழே போனார். சஞ்சீவி பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ரொம்ப நேரம் ஒரு போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் கும்பகோணத்தில் இருக்கிறாள், கல்யாணமாகி. போன வாரம் பஸ் ஏறிப் போய் என் போனை அவள் முன்னால் வைத்தேன். ரொம்ப மெதுவா ஓடுதுடி, என்னன்னு பாரு என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதில் வைத்துக்கூடப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையேடி. நல்லாத்தானே இருக்கு?"

தெரியும். போன மாதம் வாங்கிய புதுப் போன் அது.