மூன்றாவது பிளேட்டு

அர்த்தநாரி ஐந்தரைக்கு எழுந்தான். கிணற்றில் இரண்டு குடம் தண்ணீர் இறைத்தான். அடுப்பை மூட்டி இட்லிப் பானையை ஏற்றினான். கொஞ்ச நேரத்தில் இறக்கினான். பிறகு கிராமபோனுக்குச் சாவி கொடுத்து முதல் பிளேட்டை வைத்தான். இட்லித் தட்டோடு அதன் எதிரே உட்கார்ந்தான்.

எட்டு மாதமாக இப்படித்தான்.

மொத்தம் மூன்று பிளேட்டுகள். ஒரே பெண் பாடியவை. புத்தகம்போலத் தைத்த அட்டை உறைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. பி.ஏ. படித்தும் அவனுக்குச் சங்கீதம் தெரியாது. அது அவன் மனைவி சௌந்திரத்தின் செட்டு. தினமும் காலையில் சமைக்கும்போது போடுவாள். முதல் பிளேட்டில் இரு பக்கமும், இரண்டாவதில் இரு பக்கமும், மூன்றாவதில் முதல் பக்கம் மட்டும். அதோடு நிறுத்திவிடுவாள். மறுபக்கத்தில் என்ன பாட்டு என்றே அவனுக்குத் தெரியாது.

ஒருமுறை சேலத்திலிருந்து புதுப் பிளேட்டு வாங்கி வந்தான்.

“வேண்டாமுங்க. புதுசு வந்தா எனக்குக் கொழப்பமாயிரும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதே பாட்டுகள்மேல் இப்படியும் ஒரு பிரியமா என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது அவனுக்கும் அது பிடித்துவிட்டது. முதல் பிளேட்டில் அந்தப் பெண் இப்போதுதான் கண் விழித்தவள்போலப் பாடினாள். இரண்டாவதில், பின்னால் யாரோ ஒருவர் இருமினார். அந்த இருமலுக்காக அவன் தினமும் காத்திருந்தான். மூன்றாவதில் குரல் தணிந்துவிடும். ஊசியின் இரைச்சல் தூரத்துச் சோளக்காட்டில் மழை பெய்வதுபோல் கேட்கும். அந்த மழைக்குள் சமையலறையில் யாரோ நடப்பதுபோல் இருக்கும். அதற்காகவே அவனுக்கு அது எல்லாவற்றிலும் பிடித்தது.

சௌந்திரம் காய்ச்சலில் போனபோது அவன் பக்கத்தில் இல்லை. தாலுகா ஆபீஸ் வேலையாகச் சேலம் போயிருந்தான். மறுநாள் முதல் பஸ்ஸில் திருச்செங்கோட்டில் வந்து இறங்கினான். பக்கத்து வீட்டு ஆராயி தெருவுக்கே ஓடிவந்து அழுதாள்.

“கடைசியா மூணாவது பிளேட்டுன்னுதாஞ் சாமி சொன்னா.”

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்றாவது பிளேட்டில் அவள் கேட்க விரும்பியது எது? எட்டு மாதமாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

இன்று மூன்றாவது பிளேட்டு பாடவில்லை. நேற்று ஞாபகமில்லாமல் அடுப்பு ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டான். சூட்டில் விளிம்பு வளைந்திருந்தது. ஊசி வெள்ளாட்டுக் குட்டிபோல் துள்ளிக் கீழே விழுந்தது.

ஆபீசில் ஹெட் கிளார்க் வீரபாகு வழி சொன்னார்.

“வெயில்ல வெச்சு மேல ஒரு கல்லைத் தூக்கி வெய்யப்பா. அப்பளமாட்டம் நிமிந்துக்கும்.”

கிணற்றுச் சுவர்மேல் பிளேட்டை வைத்தான். அதன்மேல் அம்மிக் குழவியை வைத்தான். பங்குனி வெயில். சாயங்காலம் வந்து பார்த்தபோது பிளேட்டு சுவர் விளிம்பில் ஈரத்துணிபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

“கல்லு கனம் பத்தலே” என்றார் வீரபாகு. “வெந்நியில முக்கி எடுத்துரு.”

வெந்நீரிலிருந்து அது கிண்ணமாக வந்தது. நடுவில் ஒட்டியிருந்த காகிதம் தனியே மிதந்தது.

ஆராயி தன் வீட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “கோழிக்குத் தண்ணி வெக்கறதுக்குங்களா, சாமி?”

“இல்லீங்கக்கா. பாட்டு.”



சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிளேட்டு விற்கும் கடைக்குக் கார்டு போட்டான். பதில் வந்தது. ஜெர்மன் சண்டை ஆரம்பித்த பிறகு அந்த செட்டு வருவதில்லை. இந்தப் பக்கத்தில் இன்னும் ஒரே ஒருவர்தான் வாங்கியிருக்கிறார், எடப்பாடி சின்னுசாமி. பழைய பிளேட்டு என்பதால் போட்டுக் கேட்காமல் வாங்க வேண்டாம். மெஷினைக் கையோடு கொண்டுபோகவும்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனான். பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடும் பஸ். மேடு வந்தபோதெல்லாம் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அவன் கிராமபோனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தள்ளினான்.

“கைக்கொழந்தைக்காரரு நீங்க ஏறிக்கங்க” என்றார் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஏறிக்கொண்டான்.

சின்னுசாமி பெரிய பண்ணைக்காரர். களத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தார்.

“எம்பட மெசினு சுருள் அத்துப்போய் ரண்டு வருசமாச்சுங்க. பிளேட்டெல்லாம் ஊமையாக் கெடக்குது. போடுங்க, நானுங் கேக்கறேன்.”

மூன்றாவது பிளேட்டு பாடியது. சோளக்காட்டு மழை வந்தது. அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டான். அங்கும் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். எருமை.

முதல் பக்கம் முடிந்ததும் ஊசியைத் தூக்கினான்.

“மறுபக்கம் போடுலீங்களா?”

“வேண்டாங்க. அவ கேக்க மாட்டா.”

சின்னுசாமி மற்ற இரண்டு பிளேட்டுகளையும் எடுத்து வந்து வைத்தார். “சோடி மாட்டைப் பிரிச்சுக் குடுத்து எனக்குப் பழக்கமில்லீங்க. எடுத்தா மூணையும் எடுத்துக்கங்க” என்றார். “காசு வேண்டாம். இந்த மெசினை இங்கயே உட்டுட்டுப் போங்க. இன்னும் நாப்பது பிளேட்டு சும்மா கெடக்குது.”

“சரிங்க” என்றான் அர்த்தநாரி. அவன் காதில் இன்னும் மழை பெய்துகொண்டிருந்தது.

திரும்பும்போது மேட்டில் யாரும் அவனை ஏறச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் தள்ளினான். சங்ககிரி தாண்டிய பிறகுதான் மடி ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று உறைத்தது.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தான். இரண்டு குடம் இறைத்தான். பானையை ஏற்றினான், இறக்கினான். மேஜைமேல் ஐந்து நல்ல பிளேட்டுகள், ஒரு கிண்ணம். மெஷின் இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி இல்லாமல் இருந்தது. அதன் எதிரே தட்டோடு உட்கார்ந்து இட்லியைப் பிட்டான்.

ஆராயி வாசலில் வந்து நின்றாள். “என்னுங்க சாமி, இன்னைக்குப் பாட்டுச் சத்தத்தையே காணோம்?”

அவன் நடந்ததைச் சொன்னான். குழவி, வெந்நீர், எடப்பாடி, எல்லாம். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு அவள் கண் தட்டில் விழுந்தது. குனிந்து ஓர் இட்லியைப் பிட்டுப் பார்த்தாள். விரலில் மாவு ஒட்டியது.

“அய்யோ, உள்ளெல்லாம் மாவா இருக்குதே! இதையா இத்தன நாளுந் தின்னீங்க?”

“பரவால்லீங்கக்கா.”

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள்.

“மூணாவது பிளேட்டுல அவளுக்கு என்னங்கக்கா அப்படிப் பிடிச்சுது?” என்று கேட்டான். எட்டு மாதத்தில் முதல்முறையாக.

“அன்னைக்கி நீங்க மொத பஸ்ஸுக்கு வாரீங்கன்னு நாந்தாஞ் சாமி உங்க ஊட்டு அடுப்புல இட்லி ஊத்துனேன். களி கிண்டறவளுக்கு இட்லி எப்ப வேகும்னு என்ன தெரியும்? அவளும் களி தின்ன ஊட்டுப் புள்ளதான, உங்களுக்காகப் பழகுனவ. அவளக் கேட்டேன். பாயில படுத்துட்டே சொன்னா, ‘மூணாவது பிளேட்டு மொதப் பக்கம் முடிஞ்சதும் எறக்கீருங்கக்கா. வேகாட்டி அவரு வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு, பேசாமத் தின்னுபோடுவாரு.’”