கமாவுக்குப் பிறகு வந்த மேஜர்

கொம்பியூட்டரில் வேலை செய்பவர்கள் சோதனைக்காகத் தட்டி வைக்கிற வாசகங்களை வெளியாட்கள் யாரும் படிக்கக்கூடாது. மூளை ஓய்வெடுக்கும்போது விரல்கள் எழுதுபவை அவை. நான் எழுதிய அப்படியொரு வாசகத்தை ஓர் அலுவலகம் நிறைய ஓய்வுபெற்ற இராணுவத்தினர் படித்தார்கள். யுத்த காலத்தில். கொழும்பில். என் முழுப்பெயரோடு.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் அக்காவும் அத்தானும் குடியிருந்த தொடர்மாடி வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். வேலை கொள்ளுப்பிட்டியில், ஒரு மாடி அறையில். இணையத்தளம் செய்துகொடுக்கும் நிறுவனம் என்று வெளியே பலகை இருந்தது. உள்ளே முதலாளி விமலும் நானும்தான். அவரை நான் ‘அய்யே’ என்பேன், அவர் என்னை ‘மல்லி’ என்பார். சிங்களத்தில் அண்ணன், தம்பி.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் கொட்டாஞ்சேனை பிலோமினா அன்ரி. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் இங்கிருக்கும் தாய் தகப்பனுக்கு அவரிடம் கேக் ஓடர் பண்ணுவார்கள். இணையப் படிவத்தின் அடியில், யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று மின்னஞ்சல் முகவரி கேட்கும் ஒரு பெட்டி. அதில் ஒரேயொரு முகவரிதான் எழுதலாம்.

“தம்பி, ஒரு வீட்டில ஆறு பிள்ளையள், ஆறு நாட்டில. ஒராளுக்கு மட்டும் அறிவிச்சா மற்ற அஞ்சு பேரும் என்னோட சண்டைக்கு வருதுகள். எல்லாருக்கும் போற மாதிரிச் செய்து தாங்கோ” என்றார் அன்ரி.

இதென்ன பெரிய வேலை? முகவரிகளைக் கமா போட்டுப் பிரித்து எழுதலாம். ஒவ்வொன்றும் ஒழுங்கான முகவரிதானா என்று பார்த்தபிறகே படிவம் ஏற்கவேண்டும். அதற்கான கணினி நிரலை அரை மணித்தியாலத்தில் எழுதி முடித்து நெஞ்சை நிமிர்த்தினேன். ஆனால் என் நிரல் முதல் முகவரியை மட்டும் பார்த்தது. கமாவுக்குப் பிறகு என்ன வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டது. பஸ்ஸில் ஏறுகிற சிப்பாய் முன் ஆசனக்காரரின் அடையாள அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, சரி போ, என்பதுபோல. (ஒரு சிப்பாயும் அப்படிச் செய்ததில்லை. பின் ஆசனத்தில் இருக்கும் என்னைத்தான் முதலில் பார்ப்பார்கள்.)

சோதித்துப் பார்த்தேன். முதலில் என் முகவரி, பிறகு ஒரு கமா, பிறகு வேண்டுமென்றே ஒரு தவறு: ஆங்கிலத்தில் ‘எல்லோரும்’ என்ற சொல். மூன்றே எழுத்து. புள்ளியும் இல்லை, வேறு குறியும் இல்லை. படிவம் இதை மறுக்கவேண்டும். அனுப்புபவர் பெயர், விலாசம் என்ற இடங்களில் என்னுடையதையே போட்டேன். செய்திப் பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதியது இது:

“பார்சல் நாளைக் காலை பத்து மணிக்குக் கொட்டாஞ்சேனைக்கு வரும். ஒருவருக்கும் சொல்லவேண்டாம். பெரிய சர்ப்ரைஸ்.”

‘அனுப்பப்பட்டது, நன்றி’ என்றது படிவம். அட, தவறை மறுக்காமல் விட்டுவிட்டதே, பிறகு பார்க்கலாம் என்று பிளேன்ரீ குடிக்கப் போனேன்.

எங்கள் தளங்கள் ஓடியது விமல் அய்யேயின் மச்சானுடைய நிறுவனத்தின் சேவர் கணினியில். காவலாளிகளை வேலைக்கு அனுப்புகிற நிறுவனம் அது. ஊழியர்கள் முக்கால்வாசிப்பேர் முன்னாள் இராணுவம். அரைகுறை முகவரியைக் கண்ட சேவர், பாவம், நல்லெண்ணத்தோடு மீதிக்குத் தன் நிறுவனத்தின் பெயரைத் தானே நிரப்பிக்கொண்டது. அங்கே ‘எல்லோரும்’ என்றால் எல்லோரும்தான். கிளார்க் முதல் மேலாளரான மேஜர் வரை.

திரும்பி வந்தபோது விமல் அய்யே எழுந்து நின்று ரெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். “ஒவ் சேர். ஒவ் சேர்.” எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’தான். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மல்லி, கொட்டாஞ்சேனைக்கு என்ன பார்சல்?”

“கேக், அய்யே.”

“கேக் என்று எழுதினாயா?”

திரையைப் பார்த்தேன். மூன்று வசனம். எல்லாம் இருந்தது, கேக்கைத் தவிர.

“மேஜர் நாளைக்குப் பத்து மணிக்கு அங்கே வருகிறார். பார்சலைக் கண்ணால் பார்க்கவேண்டுமாம். அதுவரை பொலிஸுக்குச் சொல்லமாட்டார்.”

“அங்க பார்சலே இல்லையே, அய்யே!”

“இருக்கவேண்டும்” என்றார் அவர், பிலோமினா அன்ரியின் இலக்கத்தைச் சுழற்றியபடி.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸை, ‘காலி வீதி’ என்ற பெருந்தெருவின் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், என் முகத்தில் ஓடிய வியர்வையைப் பார்த்து, “அசனீபத?” என்றார். சுகமில்லையா என்று கேட்கிறார். “ஒவ்” என்றேன். அன்று ஒருவரும் சந்தேகப்படாத என் ஒரே பதில் அது.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

“உனக்கு வேற சொல்லே கிடைக்கேல்லையா? குண்டு வெடிக்கிற இந்த ஊரில ஆராவது ‘பார்சல்’ எண்டு எழுதுவானா? அதுவும் ஒருத்தருக்கும் சொல்லாத எண்டு!”

பிறகு ஒரு பையில் பற்தூரிகை, உடுக்க ஒரு சாரம், தலையிடிக்கு இரண்டு அட்டை பனடோல் வைத்தாள்.

“எங்க போறதுக்கு அக்கா?”

“எங்க கொண்டுபோனாலும் தேவைப்படும்.”

காலையில் அத்தான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தார். ஆறுதலுக்கு வருகிறார் என்று நினைத்தேன். என்னைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனால் வாகன இலக்கத்தைப் பார்த்து வைக்க ஒருவர் வேண்டும் என்று அக்காதான் அனுப்பியிருக்கிறாள்.

அன்ரியிடம் அன்று இருந்தது மாலையில் கொடுக்கவேண்டிய ஒரு ஞானஸ்நானக் கேக் மட்டும். அதைப் பெட்டியில் போட்டு ரிபன் கட்டி மேசையில் வைத்திருந்தார். விமல் அய்யே எங்களுக்கு முன்பே அங்கே வந்து நின்றார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஜீப் வந்தது. மேஜரும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள்.

“இதுதானா?”

“ஒவ் சேர்” என்றேன்.

“திற.”

சொல்லிவிட்டு மூவரும் பின்வாங்கி வாசல் படலையடிக்குப் போய்விட்டார்கள். விமல் அய்யே அலுமாரிக்குப் பின்னால் போனார். அத்தான் சோபாவுக்குப் பின்னால் குந்தினார். துணைக்கு அன்ரியைத் தேடினேன். அவர் கேக் சுடும் குசினிக் கதவின் மறைவில் நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

“அன்ரி, நீங்கள்தானே செய்தனீங்கள்?”

“ஓம் தம்பி. ஆனா அவங்கள் ஒதுங்கிறதைப் பார்க்க எனக்கும் பயமாக் கிடக்கு.”

அந்தக் கணத்தில் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. யார் கண்டது? அவிழ்க்க அவிழ்க்க ரிபன் முடிச்சு இறுகிக்கொண்டே போனது. கடைசியில் பல்லால் கடித்து அறுத்து மூடியைத் தூக்கினேன்.

வெள்ளை ஐசிங். நடுவில் சீனியால் செய்த ஒரு குழந்தை, ரோஸ் நிறத் தலையணையில் நித்திரை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேஜர் வந்து எட்டிப் பார்த்தார். குழந்தையை நெடுநேரம் பார்த்தார். “அடுத்த முறை கேக் என்றே எழுது” என்றார் சிங்களத்தில். அன்ரி நீட்டிய பட்டர் கேக்கில் ஒரு துண்டை நின்றபடியே சாப்பிட்டார். போகுமுன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து என் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டார். அதன்பிறகு பல மாதங்களுக்கு, எங்கள் வீட்டடி ஒழுங்கையில் ஒரு வாகனம் நின்றாலே நான் அக்கா கட்டிய பையைத் தேடுவேன்.

அன்று பின்னேரமே நிரலைத் திருத்தினேன். பயத்தில் அளவுக்கு மிஞ்சித் திருத்திவிட்டேன். அது அதன்பிறகு யாரையும் நம்பவில்லை. பிலோமினா அன்ரியின் சொந்த முகவரியையே இரண்டு முறை திருப்பியனுப்பியது.

இப்போது நாங்கள் எல்லோரும் கனடாவில். எங்கள் வீட்டில் பிறந்தநாள் கேக் பெட்டியை நான்தான் திறக்கவேண்டும். திறக்குமுன் அத்தான், “பத்து மணியாச்சு!” என்று கத்துவார், குடும்பம் முழுவதும் சோபாவுக்குப் பின்னால் ஓடிக் குந்தும். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கும். இதை யாரும் என் மகளுக்கு விளக்கிச் சொல்லவில்லை. போன மாதம் அவள் வகுப்புத் தோழியின் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கிறாள். மெழுகுதிரி ஏற்ற, கேக் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். என் மகள் பக்கத்திலிருந்த இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய்க் குந்திவிட்டாளாம்.