அன்புக் கதவின் வெளிப்பக்கம்

உலகத்தில் எத்தனையோ கதவுகள் உண்டு. ஆனால் அன்பில் எங்கள் சபை ஞாயிறு பள்ளிக் கதவுக்கு ஈடான கதவு இதுவரை செய்யப்படவில்லை, இனியும் செய்யப்படாது. இந்தத் தெருவில் எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அறிந்தவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

"பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான, வரவேற்கும் வகுப்பறைச் சூழல் அமைக்கவும்" என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. உடனே குழு போட்டோம். ஏழு கூட்டம், ஏழிலும் தேநீர். சுவருக்கு மஞ்சள் பூசினோம்; அது "மகிழ்ச்சி நிறம்" என்று தீர்மானம் நிறைவேறியது. தரையில் மெத்தென்ற பாய் விரித்தோம். பிள்ளைகள் வருவதை யாரும் தடுக்கக் கூடாது என்ற வேத வசனத்தைக் கதவின் வெளிப்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதி, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தோம்.

சூழலின் உயிர்நாடி "வரவேற்பு அட்டை". அட்டை இல்லாத பிள்ளை உள்ளே வரக் கூடாது, அது பாதுகாப்பு. அட்டையைச் சிரித்த முகத்தோடு தர ஒரு வரவேற்பாளர், அது வரவேற்பு. பதவிக்கு ஏகப்பட்ட போட்டி. யார் வீட்டுக்கு யார் எப்போது வந்தார்கள் என்று தேதிவாரியாகச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பதால் எனக்கே கிடைத்தது. மெத்தை வைத்த நாற்காலி. அறைக்கு உள்ளே, ஜன்னலோரம். குழுவினர் வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கும் கூட்டத்திலேயே அட்டை கொடுத்தாயிற்று; மீதி நாற்பது என் மடியில்.

முதல் ஞாயிறே தையல்காரர் மகள் வந்தாள். எட்டு வயது. தெருவுக்குப் புதுசு, ஒரு சிநேகிதி கூட இன்னும் கிடைக்கவில்லை. கதவைத் திறந்தவர் கண்காணிப்பாளர், வங்கியில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற "முத்திரை" அண்ணன்.

"அட்டை எங்க பாப்பா?"

"உள்ள ஒரு ஆன்ட்டி தருவாங்கன்னு அப்பா சொன்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காரு. உள்ள போய் வாங்கிக்கோ."

அவள் செருப்பைக் கழற்றினாள்.

"ஏய், எங்க வர்ற? அட்டை இல்லாம உள்ள வரக் கூடாதுல்ல?"

பாட்டு டீச்சருக்கு இளகிய மனசு. ஆகவே சட்டம் புரியாது. "அண்ணே, பிள்ள வெயில்ல நிக்குது."

"டீச்சர், வெளிய நிக்கிற பிள்ளைக்கு உள்ள ஏதாவது ஆபத்து வருமா? வராதுல்ல? அதுக்குப் பேர்தான் பாதுகாப்பு."

டீச்சர் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களே எந்திரிச்சுப் போய் ஒரு அட்டையக் குடுத்துடுங்களேன்."

"நல்லாருக்கே கதை! வாசல் வாசலாப் போய்க் குடுக்க நான் என்ன தபால்காரியா?"

மூன்று ஞாயிறு நின்றாள். உள்ளே பாட்டு கேட்டால் வாசலிலேயே கை தட்டினாள். நான் ஜன்னல் வழியாக நாலு முறை சிரித்தேன். வரவேற்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

நாலாம் ஞாயிறு மேலிடப் பார்வையாளர் வந்தார். சுவரைத் தடவினார், பாயை அமுக்கினார், "அற்புதம்" என்றார். பிறகு கேட்டார்: "கதவுல எழுதியிருக்கிற வசனத்த யார் சொல்றீங்க?"

பன்னிரண்டு பிள்ளைகளும் முழித்தார்கள். அட்டை உள்ள பிள்ளைக்கு வாசலில் நின்று கதவைப் படிக்க நேரம் ஏது? அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல், அதிகாரம் இத்தனை, வசனம் இத்தனை என்ற எண்ணோடு, மூச்சு விடாமல் வசனத்தை ஒப்பித்தது.

பார்வையாளர் உருகிவிட்டார். "யாரு இந்தப் பிள்ள?"

"நம்ம பிள்ளதாங்க!" முத்திரை அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம சூழல்ல வளர்ந்தது."

"அப்ப உள்ள கூப்பிடுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அட்டைக் கட்டைப் பார்த்தேன்.

"வேணாம் அங்கிள்," என்றாள் அவள். "இங்க நிக்கிறதுக்கு யாரும் அட்டை கேக்க மாட்டாங்க." பிள்ளைகளைப் பார்த்தாள். "நீங்களும் வர்றீங்களா?"

ஏழு கூட்டத்திலும் எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. பன்னிரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள். பின்னாலேயே பாட்டு டீச்சர். பார்வையாளரும் செருப்பைத் தேடினார்.

அன்றிலிருந்து வகுப்பு மதில் நிழலில் நடக்கிறது. எங்கள் அறைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. சுவரில் கீறல் இல்லை, பாயில் கால்தடம் இல்லை, நாற்பது அட்டையும் என் மடியில் பத்திரம். நான் தவறாமல் வந்து உட்காருகிறேன்.

வெளியே யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்க எனக்கும் ஆசைதான். எட்டடி தூரம். தையல்காரர் மகள் அங்கிருந்தபடியே ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நீங்களே சொல்லுங்கள்: "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல், சிரிப்பை மட்டும் காட்டி ஒரு மனுஷியை இப்படி உட்கார வைப்பது எந்த ஊர் வரவேற்பு?