எலிப்பாஷாணம் என்று எழுதிய டப்பா

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
ஜப்பான் கணக்கில் 2603ஆம் வருஷம் ஆகஸ்டு 14
(நம் பழைய கணக்கில் 1943)

மரியாதைக்குரிய மைத்துனர் பழனியப்பன் அவர்கள் சமூகத்துக்கு, வேலாயுதம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதுவது வழக்கம், ஆகையால் எழுதிவிட்டேன். நிஜத்தில் உங்கள் தங்கை தனலெட்சுமி ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சலில் கட்டிலோடு சேர்ந்து ஆடுகிறாள். எனக்குப் பத்து நாளாகக் காது இரைகிறது. ஐம்பத்தெட்டு வயசாகிவிட்டது, இரையாமல் என்ன செய்யும்?

ரயிலில் வேலை பார்க்கும் நம் விஜயன் வசம் நீங்கள் கொடுத்தனுப்பிய பல்பொடி வந்து சேர்ந்தது. அரிசி கண்ணில் படாத காலத்தில் தங்கை வீட்டுக்குப் பல்பொடி அனுப்ப உங்களைத் தவிர யாருக்கு மனசு வரும்? மரவள்ளிக்கிழங்கு மெல்ல வெள்ளைப் பல் வேண்டும் என்று நினைத்தீர்கள் போலும். ஆனால் எந்த மரத்துப் பட்டையை இடித்துப் போட்டானோ உங்கள் கிள்ளான் ஊர்க் கடைக்காரப் புண்ணியவான், காலையில் தேய்த்தால் மத்தியானம் வரை நாக்கு கசக்கிறது. தாயும் மகளும் கரியே போதும் என்று ஒதுங்கிவிட்டார்கள். உறவுக்கு மரியாதை கொடுத்து நான் ஒருவன்தான் இருவேளையும் தேய்க்கிறேன்.

போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். நம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், சர்க்கரையைப் பார்த்து ஒரு வருஷமான ஆசையில், தங்கச்சியின் இருமல் மருந்து இனிக்கிறதென்று குப்பியோடு குடித்துவிட்டு ஒன்றரை நாள் தூங்கினான். தலைமை ஆசிரியர் ராதாகிருஷ்ணன் பயந்துபோய் என்னிடம் ஓடி வந்து, "இருபத்தாறு வருஷம் எஸ்டேட் ஆஸ்பத்திரில டிரெசரா இருந்து மருந்து கலக்கிக் கொடுத்தவரு நீங்க. மருந்த எப்படிப் பத்திரமா சாப்பிடணும்னு பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிக் கொடுங்க" என்றார். நானும் பழைய வெள்ளைக் கோட்டைத் துவைத்து மாட்டிக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்கே பார்த்துக் குனிந்து எழுந்து முடித்தவுடன், வகுப்புக்குள் நுழைந்தேன். என் மகள் ரமணியும் அதே வகுப்பு. "இங்க நான் உங்கப்பா இல்ல, சார்னு கூப்பிடணும்" என்று வாசலிலேயே எச்சரித்துவிட்டேன்.

பெரியவர்கள் கையால் தவிர மருந்து வாங்கக் கூடாது, குப்பிமேல் என்ன பேர் என்று படிக்காமல் தொடக் கூடாது, ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் சாப்பிடக் கூடாது, ஆபத்தான குப்பியைக் கண்டால் பெரியவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டும், சொன்ன வேளைக்குச் சொன்ன அளவு என்று கணீரென்று சொன்னேன். சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை என்றதும் ஒரு பொடியன் எழுந்து, "மூணு வேளை சாப்பாடு யார் வீட்டுல சார் இருக்கு?" என்றான். அவனை உட்காரவைத்தால் அடுத்தவன், "ஆறு மணிக்கு மருந்துன்னா ஜப்பான் மணியா, நம்ம மணியா சார்? எங்க வீட்டுல ரெண்டு கடிகாரமும் ஓடுது" என்றான். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. ஆறு எந்தக் கடிகாரத்திலும் ஆறுதான்டா என்று அதட்டிவிட்டு, "வீட்டுல யார் மருந்த எப்படித் தப்பா வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வாங்க" என்று பாடம் கொடுத்து அனுப்பினேன். அங்கேதான் எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மறுபடி போனேன். தலைமை ஆசிரியர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தப்பைக் கண்டவர்கள் கை தூக்கு என்றேன். முதல் கை என் மகளுடையது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, சொல்லம்மா என்றேன்.

"எங்கப்பா எங்கம்மாவுக்கு எலிப்பாஷாணம் கொடுக்கறாரு சார். நேத்து காலையில வெந்நீரோட கொடுத்தத நானே பாத்தேன்."

மைத்துனரே, நாற்பது பிள்ளைகளும் வாயைப் பிளந்தார்கள். தலைமை ஆசிரியர் என் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். ரமணி நிற்கவில்லை. "டப்பா மேல பேரு இருக்கு, மண்டை ஓடு படமும் இருக்கு. நீங்க சொன்ன மாதிரி படிச்சுப் பாத்தேன் சார்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். அந்த டப்பாவில் இருந்தது எலிப்பாஷாணம் இல்லை, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரை. ஆஸ்பத்திரியை விட்டு வந்தபோது என் பையோடு தானாக வந்துவிட்டது. திருடனும் தொடாமல், சோதனைக்கு வருகிற ஜப்பான் துரைமாரும் தொடாமல் இருக்க நானே என் கைப்பட எழுதி ஒட்டிய பேர் அது. நாற்பது பிள்ளை என்றால் நாற்பது வீடு. அதை அங்கே சொல்லிவிட்டு நான் ஊரில் இருக்க முடியுமா? "அது உங்கம்மாவுக்கு இல்லம்மா, எலிக்கு" என்று உளறினேன். தலைமை ஆசிரியர் இன்னும் ஒரு எட்டு தள்ளி நின்றார்.

வீட்டுக்கு ஓடினேன். டப்பா இல்லை. பெற்றவளைக் காப்பாற்ற வேண்டுமென்று ரமணி அதை ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து வீட்டுப் பவுனம்மாளிடம் கொடுத்துவிட்டாள், பெரியவர்கள் கையில் ஒப்படைக்கச் சொன்னது நான்தானே! பவுனம்மாளும் பன்னிரண்டு மாத்திரையையும் நுணுக்கிக் கிழங்கில் பிசைந்து அடுப்படியில் வைத்துவிட்டாள். இனி அந்த வீட்டு எலிகளுக்கு மலேரியா வராது. இதில் அவள் வேறு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னா டிரெசரே, உங்க மருந்துல ஒரு எலிகூட சாகல. தின்னுட்டு தெம்பா ஓடுதுங்க. இதத்தான் ஆஸ்பத்திரில குடுத்தீங்களா லா?" என்று தெருவே கேட்கக் கத்துகிறாள்.

இனி எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். சித்திரையில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டபோது நாலு கொயினா கேட்டு ஆள் அனுப்பினீர்கள். ஒன்றுகூட இல்லை என்று சத்தியம் செய்தேன். அன்றைக்கு டப்பாவில் முப்பது இருந்தது. நான் அற்பன். இன்று உங்கள் தங்கை பல் கிட்டிக் கிடக்கிறாள், நாளை மறுநாள் காய்ச்சல் மறுபடி வரும் முறை. என்னை மன்னிக்க வேண்டாம். எங்காவது தேடி, அவளுக்காக ஆறு மாத்திரை அனுப்புங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. எல்லோரும் நோய் அண்டாமல் நூறாண்டு இருக்க வேண்டும், அதற்குள் இந்த யுத்தமும் முடிய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
வேலாயுதம்
(ஓய்வுபெற்ற டிரெசர்)

பி.கு.: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம், கிழித்துப் போட்டுவிடுங்கள். கடிதம் வாங்க வந்த விஜயன், "கிள்ளான் அண்ணே கொடுத்த கொயினாப் பொடியில அக்காவுக்குக் கொணமாயிடுச்சா?" என்று கேட்கிறான். எந்தக் கொயினா என்றேன். "பல்பொடி டப்பாவுலதான் அண்ணே. ரகசியமா சொல்லச் சொன்னாரு, மறந்துட்டேன்" என்கிறான் பாவி. இருபத்தாறு வருஷம் கொயினா கலக்கிய நான், பத்து நாள் அதில் பல் விளக்கிவிட்டு, கொயினா ஏறிக் காது இரைவதை வயசு என்று எழுதியிருக்கிறேன். நான் இல்லை என்றேன், நீங்கள் அனுப்பிவிட்டீர்கள். அரை டப்பா மிச்சம் இருக்கிறது. பல்பொடி என்ற பேரைச் சுரண்டிவிட்டு, 'கொயினா, அம்மாவுக்கு மட்டும், நம்ம மணி ஆறுக்கு' என்று ரமணி எழுதி ஒட்டியிருக்கிறாள். அளவு மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டாள். முதல் வேளையை அவளே கொடுத்தாள், எனக்கு டப்பாவைத் தொட அனுமதி இல்லை.